உங்களுக்குத் தெரியுமா? ‘குளுகுளு’ பெங்களூரின் வெயில் கணக்கு

பெங்களூருக்கு வேலை மாறிப் போகிறவரிடம் சென்னைக்காரர்கள் முதலில் சொல்வது, “கொடுத்து வெச்சவன், இனிமே வெயில் தொல்லை இல்லை” என்பதுதான். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஊர், ஏரியும் மரமுமாக வளர்ந்த ஊர் என்பதால் அந்தப் பேச்சில் ஒரு காலத்தில் முழு உண்மை இருந்தது. இப்போது எவ்வளவு மிச்சம் என்று பார்க்கலாம்.

● பெங்களூர் நகர வானிலை நிலைய ஏட்டில் உள்ள உச்ச வெப்பம் 39.2 டிகிரி செல்சியஸ். பதிவான நாள் 2016 ஏப்ரல் 24. அதற்கு முந்தைய உச்சம் 1931 மே மாதத்தின் 38.9. எண்பத்தைந்து ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த எண் அது. அடுத்த எட்டே ஆண்டுகளில், 2024 ஏப்ரல் 28 அன்று, பாதரசம் மறுபடியும் 38.5 வரை ஏறியது. அந்த ஏப்ரல் முழுவதும் நகர நிலையத்தில் அளக்கிற அளவுக்கு ஒரு சொட்டு மழை இல்லை. ‘மாங்காய் மழை’ பெய்யாத ஏப்ரலை நாற்பது ஆண்டுகளாக ஊர் பார்த்திருக்கவில்லை.

● தமிழ்நாட்டில் கத்தரி வெயில் என்றால் மே மாதம். பெங்களூரில் உச்சம் ஏப்ரலிலேயே வந்துவிடும். மே மாதத்து மாலை மழைகள் வெக்கையைத் தணித்துவிடுவதே காரணம். அந்த மழை தள்ளிப்போகும் ஆண்டுகளில்தான் சிக்கல்.

● 39.2 டிகிரி அடித்த ஊரில் அரசுக் கணக்குப்படி ‘வெப்ப அலை’ வரவில்லை என்றால் நம்புவீர்களா? இந்திய வானிலை ஆய்வுத் துறையின் விதிப்படி, சமவெளி என்றால் முதலில் வெப்பம் 40 டிகிரியைத் தொட வேண்டும். மலைப்பகுதிக்கு 30, கடலோரத்துக்கு 37. தொட்ட பிறகு, வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அதுவும் ஒரு வானிலை உட்பிரிவில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள். பெங்களூரின் ஏடு 40-ஐத் தொட்டதே இல்லை. உடம்பு துவண்டு போனாலும் காகிதத்தில் அலை கிடையாது.

● இந்த விதி ஏன் பெங்களூருக்குப் பொருந்தவில்லை என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. இந்த முழுப் பக்கத்திலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளலாம். அகமதாபாத், பெங்களூர், சென்னை, தில்லி, ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை, புணே, சிம்லா, வாராணசி ஆகிய பத்து நகரங்களில் 2008 முதல் 2019 வரை நிகழ்ந்த சுமார் 36 லட்சம் மரணங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 40 என்ற ஒரே கோட்டை எல்லா ஊருக்கும் போடவில்லை. அந்தந்த ஊரின் பழைய வெப்ப அளவுகளை வரிசைப்படுத்தி, அதில் உச்சத்தில் இருக்கும் 3 சதவீத நாட்களை ‘கடும் வெயில்’ என்று வைத்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தாலே அன்றாட மரணம் 12.2 சதவீதம் கூடியது. ஐந்து நாள் தொடர்ந்தால் 33 சதவீதம். 2024-இல் வெளியான இந்த ஆய்வின் அடுத்த வரிதான் நம்மைத் தூக்கிவாரிப் போடுவது: வெப்ப அலையின் தாக்கம் கூடுதலாகத் தெரிந்தது ஆண்டு முழுக்கக் கொதிக்கும் ஊர்களில் அல்ல, பெங்களூர் போன்ற ஒப்பளவில் குளிர்ந்த ஊர்களில்.

● அதே கதையைக் கனடாவும் பார்த்திருக்கிறது. 2021 ஜூன் கடைசியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி. மாகாணம் முழுக்க 619 பேர் வெப்பத்தால் இறந்ததாக மரண விசாரணைத் துறை கணக்கெடுத்தது. ஏறத்தாழ எல்லோரும் இறந்தது வீட்டுக்குள். வெயிலில் அலைந்து விழுந்தவர்கள் அல்லர். குளிரைத் தாங்குவதற்கென்று கட்டிய, வெப்பத்தை வெளியே விடத் தெரியாத வீடுகளுக்குள் தனியாக இருந்த முதியவர்களே பெரும்பாலோர்.

● ஒரு லிட்டர் வியர்வை உடம்பின் மேல் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நம்மிடம் இருக்கும் குளிர்சாதனம் அவ்வளவுதான். சென்னையில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் வழிந்து சட்டையை நனைக்கும், எவ்வளவு நீர் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பெங்களூரின் ஏப்ரல் பிற்பகல் வறண்டது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும். “எனக்கு வியர்க்கவே இல்லை” என்று பெருமைப்படுகிறவர் மாலையில் தலைவலியோடு வீடு திரும்புவது இதனால்தான். தாகத்துக்காகக் காத்திருக்காமல் குடித்துக்கொண்டே இருப்பது நல்லது.

● வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். பழகியதும் வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பு குறைவாக வெளியேறும், இதயத்துக்குப் பளுவும் குறையும். சில வாரம் வெயில் படாமல் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறையின் கணக்கில், திறந்தவெளி வேலையில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் பாதி முதல் 70 சதவீதம் வரை வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன. அதனால் அவர்கள் சொல்லும் விதி: புதிய ஆளுக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத நேரம் மட்டும், பிறகு தினம் 20 சதவீதமாகக் கூட்டு. ஊருக்குப் போய்த் திரும்பிய கட்டடத் தொழிலாளியை மறுநாளே முழு நேரமும் கம்பி கட்ட ஏற்றிவிடும் மேஸ்திரிகள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

● வெப்பத் தாக்குக்குக் காய்ச்சல் மாத்திரை வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அதை இறக்குகிறது. வெப்பத் தாக்கில் மூளை அப்படி எதையும் உயர்த்தவில்லை. வெப்பம் வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது. மாத்திரையால் கல்லீரலுக்குக் கேடுதான் மிஞ்சும். ஒருவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் தடுமாறினால் அது அவசர நிலை. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வைக்கலாம். முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டு செல்வது என்பதே மருத்துவ முறை. நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

● தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத் தாக்கு என்பது பாதி உண்மை. வீட்டில் முடங்கிய முதியவருக்கு அப்படி இருக்கும். வெயிலில் மூட்டை தூக்கியவருக்கோ ஓடியவருக்கோ வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வெப்பத் தாக்கு வரலாம். தோலைவிடப் பேச்சையும் நினைவையும் கவனிப்பதே சரி.

● வெயில் கொன்றவர்களில் பெரும்பாலோர் ‘வெயிலால் இறந்தார்’ என்று எழுதப்படுவதே இல்லை. இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று இருக்கும். பலவீனமான இதயத்தை வெக்கை தள்ளிவிட்டது என்பதை எழுத அதில் இடம் இல்லை. ஆய்வாளர்கள் தனித்தனிச் சான்றிதழை நம்பாமல் மொத்த மரண எண்ணிக்கை எங்கே திடீரென எகிறுகிறது என்று பார்ப்பது இதற்காகத்தான்.

● நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், சில ரத்த அழுத்த மாத்திரைகள், சளி அலர்ஜிக்கான சில மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை வெயிலைத் தாங்கும் திறனைக் குறைக்கும். தாமாக நிறுத்திவிடாமல், மார்ச் மாதமே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

● இன்சுலின் போடுகிறவர் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையென்றால்? ஈர மணலிலோ தண்ணீரிலோ வைத்த மண்பானை பழைய வழி. அது வீண் வழியல்ல. கென்யாவின் ஓர் அகதி முகாமின் வெப்ப நிலையை வைத்து நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டிலும் நான்கு வாரம் வரை இன்சுலின் வீரியம் குறையாமல் இருந்தது. பகலில் அந்த அளவையும் தாண்டி அடுப்பு போல் காயும் தகரக் கூரை வீட்டில் பானை கட்டாயம் வேண்டும்.

● ராமநவமியன்று பெங்களூர்த் தெருக்களில் இலவசமாகக் கொடுக்கும் மூன்றும், அதாவது மஜ்ஜிகே, பானகம், கோசம்பரி, கச்சிதமான வெயில் உணவு. நம்முடைய நீர்மோர், பானகம், வடைப்பருப்புதான். பண்டிகை வருவதும் சரியாக வெயில் ஏறும் மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ. மோரில் உப்பு இருக்கிறது, பானகத்தில் வெல்லம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலின் தத்துவமும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் குடல் நீரை வேகமாக உறிஞ்சும் என்பதே. வீட்டில் செய்வதென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் சமமாக வழித்த 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிவிட்டால் ஆபத்து, கண் திட்டத்தில் போடாதீர்கள்.

● இளநீர் எல்லாருக்கும் நல்லதல்ல. அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. பெங்களூருக்குப் ‘பப் நகரம்’ என்று பெயர் இருப்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுவோம்: குளிர்ந்த பீர் தாகம் தீர்ப்பதுபோல் நடிக்கும், ஆனால் உள்ளே இருக்கும் நீரையும் வெளியே தள்ளும்.

● சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகிய ஆபத்துகள் இரு மடங்காக இருந்தன. வயல், செங்கல் சூளை மட்டுமே கணக்கு என்று எண்ண வேண்டாம். இஸ்திரிப் பெட்டியின் ஆவியும் ஷீட் கூரையும் சேர்ந்த ஆடைத் தொழிற்கூடமும் வெயில்படாத வெக்கைதான். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலைப் பக்கம் காலையில் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகும் பெண்களின் உலகம் அது.

● அதே நிறுவனத்தார் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது 7 சதவீதத்தினருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொள்ளும் பெண்கள் எங்கே இருந்தாலும் இது அவர்களுக்குமான எச்சரிக்கை.

● பகல் வெப்பத்தைவிட இரவு வெப்பம் உடம்பை அதிகம் அரிக்கும். பகலில் ஏறிய சூட்டை இறக்கி, இதயத்தை ஆசுவாசப்படுத்த இரவுதான் வாய்ப்பு. மண்ணும் மரமும் சூரியன் மறைந்ததும் சட்டென்று ஆறிவிடும். கான்கிரீட்டும் தாரும் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை விடியும்வரை கக்கும். போர்வை இல்லாமல் தூங்க முடியாத ஊர் என்று பெயரெடுத்த இடத்தில் இன்று ஏ.சி. கடைகளுக்குக் கூட்டம் வருவது அதனால்.

● அந்த ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை, வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு மாற்றுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரை வைத்து அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2014-இல் கணக்கிட்டபோது, ஏ.சி.க்களின் கழிவு வெப்பம் மட்டுமே சில இடங்களில் இரவு வெப்பத்தை 1 டிகிரிக்கு மேல் கூட்டியது தெரிந்தது. மாடிவீட்டுக்காரரின் குளிர்ச்சிக்குப் பக்கத்துச் சந்தில் பாய் விரித்துப் படுப்பவர் விலை கொடுக்கிறார்.

● மின்விசிறி எப்போதும் நண்பன் அல்ல. காற்று 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் அது உடம்பைச் சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெங்களூரில் திறந்தவெளியில் அந்த அளவு வராது. தகர ஷீட்டுக்குக் கீழே பிற்பகல் இரண்டு மணிக்கு வரும். அப்போது நனைத்த துணியை உடம்பில் போட்டுக்கொண்டு விசிறியடியில் இருப்பது பலன் தரும்.

● ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிர்ந்த காற்று வீசுகிறதே என்று ஞாயிறு மதியம் லால்பாக் பாறைமேல் வெறுந்தலையோடு உட்காருகிறவர் மெரினாவில் உட்காருகிறவரைவிடச் சற்று அதிகமாகவே கதிரை வாங்கிக்கொள்கிறார்.

● மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்தால் கீழ் அறை சில டிகிரி குறையும். சுண்ணாம்பு போதும். கறுத்த கூரை வெயிலைக் குடிக்கும், வெள்ளைக் கூரை திருப்பி அனுப்பும், இதற்கு மேல் இதில் விஞ்ஞானம் இல்லை. தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ‘குளிர்கூரைக் கொள்கை’ கொண்டுவந்தது. அரசுக் கட்டடங்கள், வணிகக் கட்டடங்கள் எல்லாவற்றுக்கும், 600 சதுர கஜத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் அது கட்டாயம். ஆனால் 600 சதுர கஜ வீட்டுக்காரருக்கு மின்விசிறியும் ஏ.சி.யும் ஏற்கெனவே இருக்கும். ஒற்றை அறை ஷீட் வீடுகளுக்கு இலவசமாக வெள்ளை அடித்துக் கொடுப்பதுதான் உயிர் காக்கும் செலவு.

● பெங்களூரின் மரங்களைப் பற்றிப் பேசினால் மூன்று பெயர்களாவது வரவேண்டும். 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது லால்பாக். 1908-இல் அங்கே பொறுப்புக்கு வந்தவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் குஸ்தாவ் கிரம்பீகல். ஒரு தெரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த தெரு மரம் பூக்க வேண்டும் என்று திட்டமிட்டு நட்டவர். மூன்றாமவர் வனத்துறை அதிகாரி நெகின்ஹால். 1980-களில் நகரத்தில் 15 லட்சம் மரக்கன்றுகள் நடக் காரணமானவர், 2021-இல் மறைந்தார். இன்று ஜெயநகரிலோ ராஜாஜிநகரிலோ கிளை கோத்து நிற்கும் நிழல் பெரும்பாலும் அந்தப் பழைய தலைமுறைகள் விட்டுப்போனது.

அந்த நிழலுக்கு விலை போட்டுப் பார்த்தவர்கள் சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் அவருடைய சகாக்களும். மரமுள்ள தெருத்துண்டுகளையும் மரமில்லாத தெருத்துண்டுகளையும் அருகருகே ஒப்பிட்டு, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பிற்பகலில் மரத்தடிக் காற்று 5.6 டிகிரி வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்போ 27.5 டிகிரி வரை குறைவு! ஒரே ஊரில், ஒரே மணியில். செருப்பில்லாமல் குப்பை வண்டி தள்ளுகிறவருக்கும், நடைபாதையில் கொத்தமல்லி விற்கிறவருக்கும் இந்த 27.5 என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு சின்ன முணுமுணுப்பு. படமெடுத்துப் பகிர எல்லாரும் தேடும் இளஞ்சிவப்பு டபேபுயா பூக்கும்போது இலையுதிர்த்து நிற்கும். வெயில் ஏறும் மாதத்தில் அழகு கிடைக்கும், நிழல் கிடைக்காது. புங்க மரம் மார்ச்சில் துளிர்விட்டு ஏப்ரலுக்குள் அடர்ந்துவிடும். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நட எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மாநகராட்சிக்குப் பெரிய புதிர் இல்லை.

● பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை எஃகு மேம்பாலம் கட்ட 812 மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது, 2016 அக்டோபரில் ஆயிரக்கணக்கானோர் கைகோத்துச் சாலையோரம் நின்றார்கள். ‘ஸ்டீல் ஃபிளைஓவர் பேடா’ (வேண்டாம்) என்ற முழக்கம் அப்போது பிறந்தது. 2017 மார்ச்சில் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

● மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் இறங்கி வெயிலில் தவிக்கும் தமிழர்களுக்கு ஒரு தகவல்: நீங்கள் நிற்பது ஓர் ஏரிக்குள். தர்மாம்புதி ஏரி அங்கே இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கம் சம்பங்கி ஏரியின் மேல் நிற்கிறது. ஒன்று நிரம்பி வழிந்தால் ராஜகாலுவே என்ற பெரிய வாய்க்கால் வழியாக அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக அமைந்திருந்த ஏரிகளில் கண்ணிகள் இப்படி அறுந்தன. இந்திய அறிவியல் கழகத்தின் டி.வி. ராமச்சந்திரா குழுவினர் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்ன கணக்கில், 1973-க்குப் பிறகு நகரத்தின் பசுமைப் பரப்பு 88 சதவீதமும் நீர்ப்பரப்பு 79 சதவீதமும் சுருங்கிவிட்டன. நீர்ப்பரப்பு வெறும் காட்சியல்ல. வெயிலின் ஒரு பங்கை ஆவியாக்கவே செலவழிக்கும் இடம் அது. அது போனால் அந்தப் பங்கு சுவரிலும் சாலையிலும் நம்மீதும் விழும்.

● வெயிலும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்து வரும் ஊர் இது. 2024 மார்ச்சில் நகரத்தின் சுமார் 14,000 அரசு ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதல்வர் சித்தராமையாவே சொன்னார். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் ஆணையிட்டது. காவிரி நீரோ சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரம் ஏற்றி வருவது. அந்த அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நகர விளிம்பின் 110 கிராமங்களுக்கென நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாகக் கிடைத்தது. ஆனாலும் வெயில் நாளில் ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற அறிவுரை, டேங்கர் எப்போது வரும் என்று காத்திருக்கும் தெருவில் வேறு மாதிரி ஒலிக்கும்.

● வேடிக்கை என்னவென்றால், அதே 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மி.மீ. மழை கொட்டியது. ஜூன் மாத நாள் மழையில் 133 ஆண்டு சாதனை. அதைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மண்ணு வட்டர் சமூகத்தார் அவர்கள். ‘பெங்களூருக்குப் பத்து லட்சம் கிணறுகள்’ என்ற இயக்கத்தில் அவர்கள் வெட்டும் உறைகிணறுகள் மழைநீரை மண்ணுக்குள் அனுப்புகின்றன. கப்பன் பூங்காவின் பழைய கிணறுகளைத் தூர்வாரி உயிர்ப்பித்ததும் அவர்களே.

● பஞ்சத்துக்குப் பயந்து டிரம்மிலும் குடத்திலும் மூடாமல் சேமித்த தண்ணீரில் ஏடிஸ் கொசு சுகமாக வளரும். 2024 செப்டம்பரில் கர்நாடகம் டெங்குவைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. டிரம்முக்கு ஒரு மூடியோ வேட்டித் துணியோ போதும்.

● கர்நாடகத்திலேயே வெயிலுக்காக அலுவலக நேரம் மாறும் ஊர்கள் உண்டு. கலபுரகி கோட்டத்தின் மாவட்டங்களிலும், விஜயபுரா, பாகல்கோட்டையிலும் ஏப்ரல், மே மாதங்களில் அரசு அலுவலகங்கள் காலை 8 மணிக்குத் திறந்து 1.30-க்கு மூடிவிடும். பெங்களூரில் அப்படி ஓர் ஏற்பாடு பேச்சிலும் இல்லை. இங்கே வெயிலில் நிற்பவர் அரசு ஊழியரும் அல்லர், பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவந்து கொடுக்க ஓடும் இளைஞர். அவரைப் போன்றவர்களுக்காகச் சென்னை மாநகராட்சி 2025-இல் அண்ணா நகரில் ஏ.சி. ஓய்வறை திறந்தது. கழிப்பறையும் குடிநீரும் உண்டு. புதுச்சேரியிலும் சென்னையிலும் சிக்னலில் நிற்கும் இருசக்கர வண்டிக்காரர்களுக்காகப் பச்சை நிழல்வலைப் பந்தல் போட்டார்கள். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரத்துக்குப் பந்தல் போதாது, கட்டிலே போடலாம் என்று பெங்களூர்க்காரர்கள் சொல்லக்கூடும்.

● வெயில் அதிகமானால் வங்கிக் கணக்கில் பணம் விழுமா? விழுந்திருக்கிறது. ‘சேவா’ பெண்கள் சங்கத்தின் காப்பீட்டுத் திட்டத்தில், 2024 மே மாத வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், குஜராத், ராஜஸ்தான், மகாராஷ்டிரத்தில் 46,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குக் காப்பீட்டுத் தொகை போனது. அதோடு தலைக்கு 400 ரூபாய் நேரடி உதவியும். ஒரு நாள் கூலி போகுமே என்று நெருப்பு வெயிலில் வேலைக்குப் போகாமல் இருக்க அது ஒரு காரணம் கொடுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்த 4 லட்சம் யாருக்குப் போகும் என்ற கேள்வி பாக்கி.

● கொலம்பியாவின் மெடயின் நகரம் சாலையோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் 30 பசுமைத் தடங்கள் அமைத்து, அந்தப் பகுதிகளில் வெப்பத்தை 2 டிகிரி இறக்கியது. பெங்களூரின் ராஜகாலுவே கரைகள் இதற்கு அளவெடுத்துத் தைத்த இடங்கள். இப்போதைக்கு அங்கே கான்கிரீட் சுவர்தான் எழும்புகிறது.

● 2023 நவம்பரில் அன்றைய பெங்களூர் மாநகராட்சி ஒரு பருவநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. ஏழு துறைகள், 266 நடவடிக்கைகள், 2050-க்குள் நிகரக் கரியுமிழ்வைப் பூஜ்யமாக்கும் இலக்கு. இரண்டு ஆண்டு முடிவதற்குள் அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது. 2025 செப்டம்பர் முதல் மேலே ‘கிரேட்டர் பெங்களூர்’ ஆணையம், கீழே ஐந்து மாநகராட்சிகள். 266-இல் எது யார் தலையில் என்பது தெளிவானால் நல்லது.

● இந்தியாவில் வெயிலை முதலில் பாடமாகப் படித்த நகரம் அகமதாபாத். 2010 மே மாதம் 46.8 டிகிரி அடித்தபோது, அந்த ஒரே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் தெற்காசியாவிலேயே முதல் நகர வெப்பச் செயல்திட்டம் அங்கே வந்தது. அதில் மிகப் பிடித்தது ஒரு மருத்துவமனையின் வேலை: தார் பூசிய கூரைக்கு நேர் கீழே, மேல்மாடியில் இருந்த பிரசவ வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். வெக்கையால் தீவிரப் பிரிவில் சேரும் பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. திட்டம் வந்தபிறகு ஆண்டுக்குச் சுமார் 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாக 2018-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதைப் பார்த்துப் பல ஊர்கள் அந்தத் திட்டத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டன. வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அகமதாபாத்தின் மஞ்சள் எச்சரிக்கை 41.1 டிகிரியில் தொடங்குகிறது. அந்த எண்ணை அப்படியே பெங்களூருக்கு எடுத்துவந்தால், 2016 ஏப்ரல் 24 அன்றும் எச்சரிக்கை வந்திருக்காது.